ஒலிபெருக்கியின் மோட்டாரை எடைபோடுவது எப்படி?

பேஸ் எனப்படும் தாழ்ந்த சுரங்களை எழுப்பும் ஒலிபெருக்கியான வூஃபர் ஒன்றைக் கையில் கொடுத்தால் பெரும்பாலானோர் முதலில் செய்வது, அதைத் திருப்பிப் பின்னால் இருக்கும் காந்தத்தைப் பார்ப்பதுதான். காந்தம் பெரிதாகவும் கனமாகவும் இருந்தால் பேஸ் நன்றாக வரும் என்பது பரவலான நம்பிக்கை. நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நம்பினேன். ஓர் ஆறரை அங்குல வூஃபரின் பின்புறத்தில் இரண்டாவது காந்தம் ஒன்றை ஒட்டிவிட்டு, அடிநாதம் பெருகும் என்று காத்திருந்தேன். பாடகரின் குரல் சற்று முன்னால் வந்தது. அடிநாதமோ முன்பைவிட மெலிந்தே ஒலித்தது. ஒட்டிய விதத்தில் தவறில்லை, எதிர்பார்ப்பில்தான் தவறு என்பது கணக்குப் போட்டுப் பார்த்த பிறகே விளங்கியது. பெட்டி செய்வதற்காகத் தனி ஒலிபெருக்கிகளை வாங்குவோரும், அவற்றின் தரவுத்தாளை வைத்துக்கொண்டு எதைத் தேர்வது என்று குழம்புவோரும் அந்தக் கணக்கைப் போடுவது எப்படி என்பதை இங்கே விளக்குகிறேன்.

மோட்டார் என்று இங்கே சொல்வது காந்தம், அதன் மேலும் கீழும் உள்ள இரும்புத் தகடுகள், நடுவில் நிற்கும் இரும்புத் தண்டு, மேல்தகட்டுக்கும் தண்டுக்கும் இடையே உள்ள வளைய வடிவ இடைவெளி, அந்த இடைவெளியில் தொங்கும் வாய்ஸ் காயில் என்னும் கம்பிச்சுருள் ஆகிய அனைத்தும் சேர்ந்த அமைப்பை. காற்றைத் தள்ளும் கூம்பான கோன், அதன் விளிம்பைத் தாங்கும் சரவுண்ட், சுருளை நடுவில் பிடித்திருக்கும் ஸ்பைடர் ஆகியவை மோட்டாரால் இழுக்கப்படுபவை. 1925இல் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த ரைஸ், கெல்லாக் என்னும் இருவர் வெளியிட்ட வடிவமைப்பிலிருந்து இன்றுவரை இந்த அடிப்படை மாறவில்லை. அக்காலத்து நிலைக்காந்தங்கள் போதிய வலுவில்லாதவை என்பதால், தொடக்கத்தில் காந்தத்தின் இடத்தில் ஒரு பெரிய மின்காந்தச் சுருளை வைத்தார்கள். ரேடியோக்களில் அதே சுருள் மின்வழங்கியின் இரைச்சலை வடிகட்டும் வேலையையும் சேர்த்துச் செய்தது.

மோட்டாரின் வலுவை எப்படிக் கணக்கிடுவது

சுருளின் மீது செயல்படும் விசை, இடைவெளியில் உள்ள காந்தப்பாய அடர்த்தி, அந்தப் பாயத்துக்குள் இருக்கும் கம்பியின் நீளம், கம்பியில் ஓடும் மின்னோட்டம் ஆகிய மூன்றின் பெருக்கல். முதல் இரண்டின் பெருக்கலைத்தான் தரவுத்தாளில் பி.எல். என்று அச்சிடுகிறார்கள், அதன் அலகு டெஸ்லா மீட்டர். ஆனால் இந்த எண்ணை மட்டும் வைத்து இரண்டு ஒலிபெருக்கிகளை ஒப்பிடக் கூடாது. மெல்லிய கம்பியால் அதிகச் சுற்றுகள் சுற்றினால் பி.எல். உயரும், கூடவே மின்தடையும் உயரும், அதனால் அதே மின்னழுத்தத்தில் ஓடும் மின்னோட்டம் குறைந்துவிடும். ஆகவே பி.எல்.லை அதே எண்ணால் பெருக்கி, வரும் விடையைச் சுருளின் நேர்மின்னோட்டத் தடையால் வகுத்துப் பார்க்க வேண்டும். ஒரே ஒலிபெருக்கியின் 4 ஓம் வகைக்குத் தடை 3.2 ஓம், பி.எல். 5 என்றும், 8 ஓம் வகைக்குத் தடை 6.4 ஓம், பி.எல். 7.07 என்றும் வைத்துக்கொண்டால், இரண்டுக்குமே வகுத்த விடை ஏறத்தாழ 7.8தான். இரண்டாவதன் பி.எல். பெரிதாகத் தெரிந்தாலும் மோட்டார் ஒன்றே.

இந்த எண் கூடினால் என்ன நடக்கும் என்பதை ஓர் உதாரணத்தில் நிதானமாகப் பார்க்கலாம், ஏனெனில் பெரும்பாலான தவறுகள் இங்கேதான் தொடங்குகின்றன. ஓர் ஆறரை அங்குல வூஃபரை எடுத்துக்கொள்வோம். அதன் நகரும் நிறை 16 கிராம், ஒத்ததிர்வு அதிர்வெண் 35 ஹெர்ட்ஸ், சுருளின் தடை 6 ஓம், இயந்திரவழித் தணிப்பைக் குறிக்கும் கியூ எண் (இது பெரிதானால் தணிப்பு குறைவு) 5, பி.எல். 6.5. மின்வழித் தணிப்பின் கியூ எண்ணைக் காண, இரண்டு பை, ஒத்ததிர்வு அதிர்வெண், கிலோகிராமில் நகரும் நிறை, தடை ஆகியவற்றைப் பெருக்கி, பி.எல்.லின் இருமடியால் வகுக்க வேண்டும். இங்கே விடை 0.50. இதையும் இயந்திரவழி எண்ணையும் பெருக்கி, அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்தால் மொத்தக் கியூ 0.45 என்று கிடைக்கும். இப்போது வேறு எதையும் மாற்றாமல் மோட்டாரை மட்டும் வலுப்படுத்தி பி.எல்.லை 9 ஆக்கினால் மொத்தக் கியூ 0.25க்கு இறங்கும். மாறாக வலுவைக் குறைத்து பி.எல்.லை 5 ஆக்கினால் அது 0.72க்கு ஏறும்.

மிகப் பெரிய பலகை ஒன்றில் பொருத்தி ஒரே மின்னழுத்தத்தைக் கொடுத்தால், நடு அதிர்வெண்களில் வலுவான மோட்டார் முதல் மோட்டாரைவிட 2.8 டெசிபல் உரக்க ஒலிக்கும். ஒத்ததிர்வு அதிர்வெண்ணில் ஒலியின் அளவு நடுப்பகுதியோடு ஒப்பிட மொத்தக் கியூ எண்ணின் விகிதத்தில் இருக்கும் என்பதால், 35 ஹெர்ட்ஸில் கதை தலைகீழாகிறது. முதல் மோட்டாரின் நடுப்பகுதி அளவைச் சுழியம் என்று கொண்டால், 35 ஹெர்ட்ஸில் அது எழுப்பும் ஒலி 6.9 டெசிபல் கீழே இருக்கும். வலுவான மோட்டாருடையது 9.3 டெசிபல் கீழே. வலுக்குறைந்த மோட்டாருடையதோ 5.1 டெசிபல் மட்டுமே கீழே. அதாவது ஒத்ததிர்வு அதிர்வெண்ணை ஒட்டிய பகுதியில், காந்தத்தைப் பெரிதாக்குவது ஒலியைக் குறைக்கிறது. நகரும் சுருள் தானே ஒரு மின்னாக்கி. அது உண்டாக்கும் எதிர் மின்னழுத்தம் மின்னோட்டத்தைத் தடுக்கிறது, மோட்டார் வலுக்க வலுக்க அந்தத் தடுப்பும் வலுக்கிறது. நான் ஒட்டிய இரண்டாவது காந்தம் செய்ததும் இதைத்தான்.

இதனால் வலுவான மோட்டார் கெட்டது என்று ஆகிவிடாது. அதற்குரிய பெட்டி வேறு, அவ்வளவே. ஒத்ததிர்வு அதிர்வெண்ணை மின்வழிக் கியூவால் வகுத்துப் பாருங்கள். விடை 50க்குக் கீழே இருந்தால் மூடிய பெட்டியும், 100ஐ ஒட்டியோ அதற்கு மேலோ இருந்தால் துளையிட்ட பெட்டியும் பொருந்தும் என்பது பட்டறையில் பழகிய விதி. மேலே கண்ட மூன்று மோட்டார்களுக்கும் இந்த விடை முறையே 70, 134, 41 என்று வரும். முதலாவதை இரண்டு வகையிலும் பயன்படுத்தலாம். இரண்டாவதைத் துளையிட்ட பெட்டியில்தான் வைக்க வேண்டும். மூன்றாவதை மூடிய பெட்டியில் வைக்கலாம், ஆனால் பெட்டி பெரிதாக வேண்டும், இல்லாவிட்டால் உள்ளிருக்கும் காற்றின் விறைப்பு கியூவை மேலும் ஏற்றி ஒலியைக் குமுற வைக்கும். ஆஸ்திரேலியாவில் 1961இல் தீல் என்னும் பொறியாளரும், 1970களின் தொடக்கத்தில் ஸ்மால் என்னும் பொறியாளரும் வெளியிட்ட கட்டுரைகளுக்குப் பிறகு இந்தக் கணக்கைப் போட யாரும் தடுமாற வேண்டியதில்லை. ஆகவே பெட்டியின் வகையையும் அளவையும் முடிவு செய்யாமல் மோட்டாரைத் தேர்ந்தெடுக்கவே கூடாது. கடையில் நடப்பதோ பெரும்பாலும் இதற்கு நேர்மாறு.

நகர்வுக்கு எவ்வளவு விலை கொடுப்பது

அடுத்துக் கேட்க வேண்டிய கேள்வி, கோன் எவ்வளவு தூரம் நகர வேண்டும் என்பது. சுருள் நகரும்போது அதன் மீதான காந்தப்பாயம் குறைந்துகொண்டே போனால் விசையும் குறையும். ஒலியலையின் உச்சிகள் நசுங்கும். இதைத் தவிர்க்க இரண்டு வழிகள் உள்ளன: சுருளை இடைவெளியைவிட உயரமாக வைப்பது ஒன்று, இடைவெளியைச் சுருளைவிட உயரமாக வைப்பது மற்றொன்று. முதலாவதை நெட்டைச்சுருள் என்றும் இரண்டாவதைக் குட்டைச்சுருள் என்றும் இங்கே அழைக்கிறேன். இரண்டிலும் உயரங்களின் வித்தியாசத்தில் பாதிதான் சுருள் ஒருபுறம் நேர்மையாக, அதாவது விசை மாறாமல், நகரக்கூடிய தூரம்.

மேல்தகட்டின் கனம் 6 மில்லிமீட்டர், சுருளின் உயரம் 16 மில்லிமீட்டர் என்று கொள்வோம். இருபுறமும் 5 மில்லிமீட்டர் நகரலாம். ஆனால் எந்த நொடியிலும் கம்பியில் 37.5 சதவீதம் மட்டுமே காந்தப்பாயத்தில் நிற்கிறது. எஞ்சியது வெறும் தடையாகவும் சுமையாகவும் இருந்து வெப்பத்தைத்தான் உண்டாக்குகிறது. இதையே திருப்பி, 16 மில்லிமீட்டர் கனமுள்ள தகட்டில் 6 மில்லிமீட்டர் சுருளை வைத்தால், நகர்வு அதே 5 மில்லிமீட்டர்தான். கம்பி முழுவதும் வேலை செய்கிறது. இடைவெளியில் பாய அடர்த்தி முன்போலவே இருக்கிறது என்றால் பி.எல். மாறாது, ஆனால் தடையும் சுருளின் எடையும் 37.5 சதவீதமாகக் குறைந்துவிடும், ஆகவே வகுத்த விடை 2.67 மடங்காகும். கேட்கும்போது இதைவிட நல்ல பேரம் இருக்க முடியாது என்று தோன்றும். உயரம் 2.67 மடங்கான இடைவெளியில் அதே அடர்த்தியைக் காக்க 2.67 மடங்கு காந்தப்பாயம் தேவை என்பதையும், அதைத் தரும் காந்தமும் சுமக்கும் இரும்பும் அதற்கேற்பப் பெருக்க வேண்டும் என்பதையும், அவ்வளவு சிறிய சுருள் வெப்பத்தை வேகமாகத் திரட்டிக்கொள்ளும் என்பதையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் பெரும்பாலான வூஃபர்கள் ஏன் நெட்டைச்சுருளோடு வருகின்றன என்பது புரியும். குட்டைச்சுருளின் உண்மையான பலன், வரம்புக்குள் அது தரும் நேர்மையும், மின்னோட்டத்தின் மாற்றத்தைச் சுருள் எதிர்க்கும் குணமான மின்தூண்டல் குறைவதும்தான். குரல் பகுதியைக் கையாளும் நடு ஒலிபெருக்கிகளில், நகர்வு குறைவாகவே தேவைப்படுவதால், அந்தப் பலனுக்குக் கொடுக்கும் விலை தகுதியானது என்பது என் கருத்து. ஆழ்ந்த பேஸுக்கு நெட்டைச்சுருளே போதும்.

தரவுத்தாளில் நகர்வு எல்லையைப் பார்க்கும்போது ஓர் எச்சரிக்கை தேவை. சில தயாரிப்பாளர்கள் உயரங்களின் வித்தியாசத்தில் பாதியை மட்டும் அச்சிடுவார்கள். வேறு சிலர் இடைவெளிக்கு வெளியே சிதறும் பாயமும் உதவும் என்ற வாதத்தில், தகட்டின் கனத்தில் கால் பங்கையோ மூன்றில் ஒரு பங்கையோ அதில் கூட்டிக்கொள்வார்கள். சுருளின் உயரமும் தகட்டின் கனமும் கொடுக்கப்பட்டிருந்தால் நீங்களே கழித்துப் பார்த்துவிடுங்கள். அவை கொடுக்கப்படவில்லை என்றால் அதுவும் ஒரு தகவல்தான்.

சிதறும் பாயத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. நடுத்தண்டின் மேல்முகம் மேல்தகட்டின் முகத்தோடு சமமாக நின்றால், இடைவெளிக்கு மேலே பாயம் விரைவில் மெலிந்துவிடும். கீழே இரும்புத்தண்டு தொடர்வதால் அங்கே பாயம் கூடுதலாக இருக்கும். சுருள் வெளியே போகும்போது ஒரு விசை, உள்ளே போகும்போது வேறொரு விசை என்றாகி, இரட்டை அதிர்வெண்ணில் திரிபு பிறப்பதோடு சுருளே தன் நடுநிலையிலிருந்து ஒருபுறமாக விலகி நிற்கத் தொடங்கும். நடுத்தண்டைச் சில மில்லிமீட்டர் உயர்த்தினால் பெரும்பகுதி சரியாகிவிடும். இதற்கு ஆகும் இரும்பு அற்பமே.

இடைவெளியின் அகலம்

இங்கே ஒவ்வொரு பத்தில் ஒரு மில்லிமீட்டருக்கும் மதிப்பு உண்டு. இடைவெளி குறுகினால் பாய அடர்த்தி ஏறும். சுருளின் வெப்பமும் இரும்புக்கு எளிதாகக் கடக்கும். ஆனால் கோன் சற்றுக் கோணலாக ஆடினாலும், வெப்பத்தில் சுருள் சற்றே உப்பினாலும் உரசும். உரசலைக் கண்டுபிடிப்பது எளிது: இரு கைகளின் விரல்களையும் கோனின் நடுமூடியைச் சுற்றிச் சம இடைவெளியில் வைத்து, காதை அருகில் கொண்டுபோய், மெதுவாக அழுத்தி விடுங்கள். நல்ல சுருள் ஓசையின்றி இறங்கி ஏறும். உலர்ந்த தாளை நகத்தால் கீறியது போன்ற மெல்லிய ஒலி கேட்டால், அந்த ஒலிபெருக்கியை வாங்க வேண்டாம். ஒருபுறமாக அழுத்தினால் எந்தச் சுருளும் உரசும் என்பதால் விரல்களின் அழுத்தம் சீராக இருப்பது முக்கியம்.

கம்பியைத் தேர்ந்தெடுப்பதும் இந்தக் குறுகிய இடத்தை எதற்குச் செலவிடுகிறோம் என்ற கேள்விதான். வட்டக் கம்பிகளை அடுக்கடுக்காகச் சுற்றும்போது, ஒவ்வொரு கம்பியும் தனக்குரிய சதுரத்தில் 78.5 சதவீதத்தையே நிரப்புகிறது. தட்டையான கம்பியைப் பக்கவாட்டில் நிறுத்திச் சுற்றினால் வீணாகும் இடம் குறையும், சுற்றுவது கடினம். அலுமினியத்தின் மின்தடைத் திறன் தாமிரத்தைப் போல் 1.6 மடங்கு, எடையோ மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. ஒரே நீளத்துக்கும் ஒரே தடைக்கும் அலுமினியச் சுருள் தாமிரச் சுருளின் பாதி எடையே இருக்கும், ஆனால் 1.6 மடங்கு இடத்தை அடைக்கும். உயர்ந்த சுரங்களுக்கான ட்வீட்டரில் நகரும் நிறையில் பெரும்பகுதி சுருளுடையது என்பதால் அங்கே அலுமினியமோ தாமிரம் பூசிய அலுமினியமோ பொருந்தும். வூஃபரில் கோனே கனமாக இருக்கும்போது சுருளில் சில கிராம்களை மிச்சப்படுத்த இடைவெளியை அகலமாக்குவது நட்டத்தில்தான் முடியும்.

அசையாத குறையும் அசையும் குறையும்

சுருளுக்குள் இரும்புத்தண்டு இருப்பதால் அதற்கு மின்தூண்டலும் உண்டு. 0.5 மில்லிஹென்றி என்றால் 1 கிலோஹெர்ட்ஸில் அது 3.1 ஓம் மறுப்பைக் கூட்டும். அதிர்வெண் ஏற ஏற மறுப்பும் ஏறி, மேல் அதிர்வெண்களில் ஒலி குறையும். தரவுத்தாள்களை ஒப்பிடுவோர் இந்த எண் சிறிதாக இருக்கிறதா என்று மட்டுமே பார்க்கிறார்கள். என் அனுபவத்தில் அது இரண்டாம்பட்சம். மாறாமல் நிற்கும் மின்தூண்டலை, அதிர்வெண்களைப் பிரித்து அனுப்பும் மின்சுற்றான கிராஸ்ஓவரில் இரண்டு பாகங்களைச் சேர்த்துச் சமாளித்துவிடலாம். மாறிக்கொண்டே இருக்கும் மின்தூண்டலை எந்தக் கிராஸ்ஓவராலும் சமாளிக்க முடியாது. சுருள் உள்ளே போகும்போது அதைச் சூழ்ந்த இரும்பு கூடி மின்தூண்டல் ஏறுகிறது. வெளியே வரும்போது இறங்குகிறது. ஆகவே ஒரு கனத்த பேஸ் சுரம் கோனை ஆட்டும்போது, அதே கோன் பாடும் குரலின் அளவும் அந்த ஆட்டத்துக்கேற்ப ஏறி இறங்கும். 40 ஹெர்ட்ஸ் தொனியால் கோனை நன்கு ஆடவிட்டு, அதோடு 800 ஹெர்ட்ஸ் தொனியை மெல்லக் கலந்து கேட்டால், தெளிவாக நிற்க வேண்டிய அந்த மேல்தொனி சொரசொரப்பாகி நடுங்குவதை எவரும் கேட்கலாம். பி.எல். நகர்வோடு மாறுவதும் இதே நடுக்கத்தைத் தரும் என்பதால், எது குற்றவாளி என்பதைக் கடைசியில் சொல்லும் அளவீடுகளே காட்டும்.

இன்னொன்று, சுருளில் ஓடும் மின்னோட்டம் தானே ஒரு காந்தப்புலத்தை உண்டாக்கி, நிலைக்காந்தத்தின் பாயத்தை ஏற்றி இறக்குகிறது. இந்த இரண்டு நோய்களுக்கும் ஒரே மருந்து, தாமிரத்தாலோ அலுமினியத்தாலோ ஆன குறுக்குச்சுற்று வளையம். பாயம் மாற முயன்றவுடன் வளையத்தில் சுழல் மின்னோட்டம் தோன்றி அந்த மாற்றத்தை எதிர்க்கிறது. ஆனால் வளையம் எங்கே இருக்கிறது, எவ்வளவு கனம் என்பதைப் பொறுத்தே பலன். இத்தகைய மின்னோட்டம் தாமிரத்தில் 1 கிலோஹெர்ட்ஸில் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் ஆழம் வரையும், 100 ஹெர்ட்ஸில் 6.6 மில்லிமீட்டர் வரையும், 10 கிலோஹெர்ட்ஸில் 0.66 மில்லிமீட்டர் வரையும் பரவும். நடுத்தண்டின் தலையில் அரை மில்லிமீட்டர் தாமிரத் தொப்பியை மாட்டினால் அது மேல் அதிர்வெண்களில் நன்கு உதவும். 100 ஹெர்ட்ஸில் அதனால் பெரிய பயனில்லை. மேலும் அது இடைவெளிக்குள்ளேயே உட்கார்ந்துகொள்வதால், 1.5 மில்லிமீட்டர் போதுமாக இருந்த இடைவெளி 2 மில்லிமீட்டராக வேண்டியிருக்கும்; அதே காந்தத்தில் பாய அடர்த்தி கால் பங்கு வரை சரியக்கூடும். இடைவெளிக்குக் கீழே நடுத்தண்டைச் சுற்றி வைக்கும் கனத்த அலுமினிய வளையம் இடைவெளியில் இடம் கேட்காது, தாழ்ந்த அதிர்வெண்களிலும் வேலை செய்யும். இரண்டையும் வைத்திருக்கும் மோட்டார் சற்று விலை கூடுதலாக இருந்தால், பெரிய காந்தத்துக்குத் தரும் பணத்தை அதற்குத் தரலாம் என்பேன்.

சுருளைத் தாங்கும் குழாயைப் பற்றி ஒரு வார்த்தை. அலுமினியக் குழாய் வெப்பத்தை நன்றாகக் கடத்தும். ஆனால் அதுவும் காந்தப்பாயத்தில் நகரும் உலோகம் என்பதால், நீளவாக்கில் பிளவு விட்டிருந்தாலும் சுழல் மின்னோட்டம் தோன்றி, இயந்திரவழிக் கியூ எண்ணை 2 முதல் 4 வரையிலான அளவுக்கு இறக்கிவிடும். கேப்டான் என்னும் பிளாஸ்டிக், கண்ணாடி இழை போன்ற மின்கடத்தாக் குழாய்களில் அந்த இழப்பு இல்லை.

வெப்பம் கணக்கை மாற்றிவிடும்

முதல் உதாரணத்து வூஃபரின் கோன் பரப்பு 135 சதுர சென்டிமீட்டர் என்று கொண்டால், மின்சாரத்தை ஒலியாக மாற்றும் அதன் திறன் 0.28 சதவீதம் என்று கணக்கு வரும். 100 வாட் கொடுத்தால் ஒலியாக வெளியேறுவது கால் வாட்டுக்குச் சற்று மேல். எஞ்சிய ஏறக்குறைய அனைத்தும் சுருளில் வெப்பமாகிறது. தாமிரத்தின் தடை ஒவ்வொரு செல்சியஸ் பாகைக்கும் 0.39 சதவீதம் ஏறும். 20 பாகையில் 6 ஓமாக இருந்த சுருள் 200 பாகையில் 10.2 ஓமாகிவிடும். நடு அதிர்வெண்களில் ஒலி 4.6 டெசிபல் இறங்கும். இதை எல்லோரும் சொல்வார்கள். அதிகம் சொல்லப்படாதது, தடை ஏறியதால் மின்வழித் தணிப்பும் தளர்ந்து, மொத்தக் கியூ 0.45இலிருந்து 0.73க்கு ஏறுகிறது என்பது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் 35 ஹெர்ட்ஸில் ஒலி குறைவது அரை டெசிபல் அளவே. குரல் பின்வாங்க, பேஸ் மட்டும் அப்படியே நின்று குமுறுகிறது. நெடுநேரம் உரக்க ஒலித்த ஒலிபெருக்கி பிற்பாடு மந்தமாகக் கேட்பதற்குக் காது களைத்ததை மட்டும் காரணமாகச் சொல்ல வேண்டியதில்லை.

காந்தமும் சூடேறும். ஃபெரைட் ஒவ்வொரு பாகைக்கும் தன் வலுவில் 0.2 சதவீதத்தை இழக்கும். 50 பாகை ஏறினால் பத்தில் ஒரு பங்கு போய்விடும், ஆறியதும் திரும்பிவிடும். நியோடிமியம் இழப்பது அதில் பாதியை ஒட்டியதுதான், ஆனால் சாதாரண வகைகள் 80 பாகையைத் தாண்டினால் இழந்த வலுவில் ஒரு பகுதி திரும்பவே திரும்பாது; சிறிய காந்தம் என்பதால் விரைவில் சூடேறவும் செய்யும். ஆல்னிக்கோ வெப்பத்தை மிக நன்றாகத் தாங்கும், எதிர்ப்புலத்தை அவ்வளவாகத் தாங்காது. 1970களின் இறுதியில் கோபால்ட் விலை எகிறியபோது தயாரிப்பாளர்கள் ஆல்னிக்கோவைக் கைவிட்டு ஃபெரைட்டுக்கு மாறியது ஒலிக்காக அல்ல, காசுக்காகத்தான். ஒரே பாய அடர்த்தியும் ஒரே வளையங்களும் இருந்தால், காந்தத்தின் பெயரை வைத்து ஒலியைக் கணிக்க முடியும் என்று நான் நம்பவில்லை. தூக்கிச் செல்ல வேண்டிய பெட்டிக்கு நியோடிமியம், ஓரிடத்தில் நிற்கும் பெட்டிக்கு ஃபெரைட் என்று எடையை வைத்து முடிவு செய்வதே போதுமானது.

மேசையில் சரிபார்ப்பது

பி.எல். எண்ணை நீங்களே அளக்கலாம். மின்னோட்டத்தைத் துல்லியமாகக் கூட்டிக் குறைக்கக்கூடிய நேர்மின்னோட்ட வழங்கி, மின்னோட்டமானி, 100 கிராம் எடை, ஒரு தையல் ஊசி, ஒரு சிறிய அளவுகோல் ஆகியவை போதும். ஒலிபெருக்கியைக் கோன் மேல்நோக்கி இருக்கும்படி மட்டமாக வையுங்கள். ஊசியை நடுமூடியின் ஓரத்தில் பசையால் ஒட்டி, அதன் முனை அளவுகோலின் ஒரு கோட்டைத் தொடும்படி அமையுங்கள். எடையை நடுமூடியின் மேல் மெதுவாக வைத்தால் கோன் சற்று இறங்கும். நேர்முனையைச் சிவப்பு முனையில் இணைத்து மின்னோட்டத்தைக் கூட்டுங்கள். ஊசிமுனை மறுபடி பழைய கோட்டுக்கு வரும்போது மின்னோட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். சில பழைய ஒலிபெருக்கிகளில் சிவப்பு முனைக்கு நேர்மின் கொடுத்தால் கோன் உள்ளே போகும். அப்படியானால் கம்பிகளை மாற்றிவிடுங்கள். 100 கிராம் எடையின் விசை 0.981 நியூட்டன். அதை மின்னோட்டத்தால் வகுத்தால் பி.எல். கிடைக்கும், நம் உதாரணத்து வூஃபருக்கு 0.151 ஆம்பியர் என்று மானி காட்ட வேண்டும்.

இதே ஏற்பாட்டில், கோன் விலகி நிற்கும்போது பி.எல். எவ்வளவு குறைகிறது என்பதையும் அளந்துவிடலாம். எடையில்லாமல், மின்னோட்டத்தால் மட்டும் கோனை 4 மில்லிமீட்டர் வெளியே தள்ளி நிறுத்தி, அந்த மின்னோட்டத்தைக் குறியுங்கள். எடையை வைத்து, ஊசிமுனை அதே 4 மில்லிமீட்டர் கோட்டுக்கு வரும்வரை மின்னோட்டத்தைக் கூட்டுங்கள். கோன் இரண்டு முறையும் ஒரே இடத்தில் நிற்பதால் ஸ்பைடரின் இழுப்பு ஒன்றே. இரு மின்னோட்டங்களின் வித்தியாசம் எடையை மட்டுமே சுமக்கிறது. அந்த வித்தியாசத்தால் 0.981ஐ வகுத்தால், அந்த இடத்தில் உள்ள பி.எல். கிடைத்துவிடும். உள்பக்கமும் இதுபோலவே, மின்னோட்டத்தின் திசையை மாற்றி அளக்கலாம். நடுவில் இருந்த அளவில் 82 சதவீதத்துக்கு இறங்கும் இடத்தை நேர்மையான நகர்வின் எல்லையாகக் கொள்வது வழக்கம். திரிபு 10 சதவீதத்தைத் தொடும் இடம் ஏறத்தாழ அதுதான். வெளியே 4 மில்லிமீட்டரிலும் உள்ளே 6 மில்லிமீட்டரிலும் அந்த எல்லை வந்தால், பாயம் சமச்சீராக இல்லை, அல்லது சுருளை நடுவில் வைக்காமல் ஒட்டியிருக்கிறார்கள். ஸ்பைடர் நெகிழ்ந்து நகர்ந்துகொண்டே இருக்கும் என்பதால், ஒவ்வோர் அளவுக்கும் முன்பு சில நொடிகள் காத்திருங்கள். ஆனால் சுருளைச் சூடாக்கும் அளவுக்குத் தாமதிக்க வேண்டாம்.

மின்தூண்டலை 1 கிலோஹெர்ட்ஸில் அளக்கும் மானி இருந்தால், கோனை நடுநிலையிலும், 4 மில்லிமீட்டர் உள்ளேயும், 4 மில்லிமீட்டர் வெளியேயும் அசையாமல் பிடித்து மூன்று அளவுகள் எடுங்கள். 0.48 முதல் 0.52 மில்லிஹென்றிக்குள் நின்றால் வளையங்கள் நன்கு வேலை செய்கின்றன. 0.4 முதல் 0.6 வரை அலைந்தால், அந்த ஒலிபெருக்கியிடம் பேஸையும் குரலையும் ஒருசேர ஒப்படைக்காதீர்கள். 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே மட்டும் பயன்படுத்தினால் அந்தக் குறை பெரும்பாலும் கேட்காது.

கடைசியாக வெப்பம். அறை வெப்பத்தில் சுருளின் தடையை அளந்து குறித்துவிட்டு, நீங்கள் வழக்கமாகக் கேட்கும் உரப்பில் அரை மணி நேரம் இசையை ஓடவிடுங்கள். நிறுத்திய மறுநொடியே ஆம்பிளிஃபையரின் கம்பியைக் கழற்றித் தடையை மறுபடி அளக்க வேண்டும், ஏனெனில் சில கிராம் எடையுள்ள சுருள் சில நொடிகளில் ஆறிவிடும். 6 ஓம் 7.2 ஓமாகியிருந்தால் சுருள் ஏறத்தாழ 51 பாகை சூடேறியிருக்கிறது. கம்பியை மாட்டாமல் ஒரு நிமிடம் பொறுத்து இன்னொரு முறை அளந்து பாருங்கள். அப்போது 6.3 ஓம் காட்டினால், மிச்சமிருக்கும் 13 பாகை காந்தமும் இரும்பும் வாங்கி வைத்திருக்கும் வெப்பம். அது இறங்க வெகுநேரமாகும்.